வாயைப் பிளந்த லெதர் ஷூ... தூக்கிப் போடுவதற்கு முன் 2 நாள் பொறுங்கள்!

வெள்ளிக்கிழமை சாயந்திரம். ஆம்பூரில் நல்ல மழை. ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வரும் அம்மா, வாசலில் குடையை மடக்கும்போதே மகனின் முகம் சரியில்லை என்பதைக் கவனித்துவிடுகிறார்.

"என்னடா ஆச்சு?"

"ஷூ போச்சும்மா. திங்கக்கிழமை மத்தியானம் வேலூர்ல இன்டர்வியூ."

மூலையில் கிடக்கிறது அப்பாவின் கறுப்பு லெதர் ஷூ. தண்ணீரில் ஊறிப்போய், முன்பக்க சோல் பிரிந்து, தவளை வாயைத் திறந்த மாதிரி இருக்கிறது. மகனின் கையில் ஏற்கெனவே சூப்பர் க்ளூ ட்யூப். அடுப்படியில் கேஸ் ஸ்டவ் பக்கத்தில் ஒரு ஸ்டூல். சூடு காட்டிக் காயவைத்து, ரெண்டு சொட்டு விட்டு ஒட்டிவிடலாம் என்பது அவன் திட்டம்.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால், மழைக்காலம் வந்தால் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இந்தக் காட்சி உண்டு. பெரும்பாலான வீடுகளில் அந்த ஷூ அடுத்த நாளே குப்பைக்குப் போய்விடும். இல்லையென்றால் அவசரத்தில் ஒட்டி, பஸ் ஏறும்போதே மறுபடி வாயைத் திறக்கும். ஷூ பழசானதால் மட்டும் இப்படி நடப்பதில்லை. ரிப்பேர் செய்த வரிசை தப்பானாலும் நடக்கும்.

சரியான வரிசை தெரிந்தால் வீட்டிலேயே, கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே இதைச் சரிசெய்துவிடலாம். தேவைப்படும் முக்கியமான பொருள் ஒன்றுதான்... பொறுமை!

முதலில், இது லெதர்தானா?

ரிப்பேரில் இறங்குவதற்கு முன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. மேல்பகுதியில் (ஷூ கம்பெனிகளில் இதை 'அப்பர்' என்பார்கள்) பெயின்ட் உரிவதுபோல மெல்லிய தோலாக உரிந்து, அடியில் துணி தெரிகிறதா? அப்படியென்றால் அது ரெக்ஸின் வகை. உரிந்த இடத்தை வீட்டில் சரிசெய்வது வீண் வேலை. அசல் தோல் அப்படி உரியாது. சுருக்கம் விழும், வெடிக்கும், நிறம் மங்கும். வெட்டிய ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால் நார் நாராகத் தெரியும்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. சில ஷூக்களின் உள்பக்கத்திலோ அடியிலோ சின்னதாக மூன்று வரிசைப் படங்கள் அச்சிட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-ல் கொண்டுவந்த விதிப்படி போடப்படும் அடையாளம் இது. மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி என மூன்றும் எதனால் ஆனவை என்று படத்திலேயே சொல்லிவிடும். விரித்த விலங்குத்தோல் வடிவம் என்றால் அசல் தோல். அதே வடிவத்துக்குள் சின்ன டைமண்ட் இருந்தால், மேலே வேறு பூச்சு கொடுத்த தோல். வலைபோல் கட்டம் போட்டிருந்தால் துணி. வெறும் டைமண்ட் மட்டும் என்றால் ரப்பர், பிளாஸ்டிக் போன்ற மற்ற பொருள்கள். ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போகும் ஷூக்களில் இந்த அடையாளம் இருக்கும்.

அடுப்புப் பக்கம் போகவே கூடாது!

"டேய், அந்த ஸ்டூலை மொதல்ல எடு" என்கிறார் அம்மா. கம்பெனியில் அவர் வேலை பார்ப்பது தையல் பிரிவில். அப்பர் தைப்பது அத்துப்படி. சோல் ஒட்டுவது வேறு பிரிவு. ஒரு ஷூ உருவாகும் பாதையில் வெட்டுவது, ஓரம் சீவுவது, தைப்பது, கால் அச்சில் இழுத்துப் பொருத்துவது, சோல் ஒட்டுவது, ஃபினிஷிங் என ஒவ்வொன்றும் தனித்தனி கைகள். வருடக்கணக்காகத் தைத்தவருக்குக்கூட ஒட்டும் வேலை புதிதாக இருக்கலாம். ஆனால், தோல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

தோல் என்பது கோடிக்கணக்கான மெல்லிய நார்களின் பின்னல். டேனரியில் பதனிட்டு முடித்ததும் அந்த நார்களுக்கு நடுவே எண்ணெய் ஏற்றுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி நகர்வதற்காகத்தான் அது. அதனால்தான் ஷூ மடங்குகிறது, காலுக்கு மெத்தென்று இருக்கிறது. நனைந்த ஷூவை அடுப்பிலோ, ஹேர் டிரையரிலோ, உச்சி வெயிலிலோ வேகமாகக் காயவைத்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோல் அப்பளம்போல் விறைக்கும். அதைப் போட்டு நடந்தால், கால் மடங்கும் இடத்தில் வெடிப்பு விழும். பிரிந்த சோலை ஒட்டிவிடலாம். வெடித்த தோலைப் பழையபடி ஆக்க முடியாது.

அப்படியென்றால் எப்படிக் காயவைப்பது?

லேஸைக் கழற்றுங்கள். உள்ளே போட்டிருக்கும் மெத்தையை (இன்சோல்) எடுக்க முடிந்தால் தனியாக எடுத்துவிடுங்கள். சேறு இருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி, விரல் பகுதி வரை உள்ளே திணியுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சுவதோடு, ஷூ சுருங்காமல் வடிவத்தையும் பிடித்து வைக்கும். ரொம்ப இறுக்கித் திணித்தால் ஷூ உப்பிவிடும், கவனம்.

ஷூவைப் படுக்கவைத்து, ஃபேன் காற்றுப் படும்படி நிழலில் வையுங்கள். முதல் சில மணி நேரத்துக்கு அடிக்கடி தாளை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு காலை ஒரு முறை, இரவு ஒரு முறை போதும். நன்றாக ஊறிய ஷூ காய 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை ஆகும்.

மகன் விரல்விட்டு எண்ணுகிறான். வெள்ளி இரவு, சனி முழுக்க, ஞாயிறு காலை... "டைம் இருக்குதானேம்மா?" 

"இருக்கு. நீ அவசரப்படாம இருந்தா இருக்கு."

சனிக்கிழமை: என்ன உடைந்திருக்கிறது?

காயும் நேரத்தில் ஷூவைக் கவனமாகப் பார்த்துவிடலாம். ஏனென்றால் எல்லா ஷூவும் ஒட்டினால் நிற்காது.

சோல் விட்டுப்போயிருக்கிறது, ஆனால் சோல் உறுதியாகவே இருக்கிறது என்றால் ஒட்டலாம். மகனின் ஷூ இந்த வகைதான்.

சோலை நகத்தால் அழுத்தும்போது கேக் மாதிரி உதிர்கிறதா, பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அது பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் சோலாக இருக்க வாய்ப்பு அதிகம். காற்றில் உள்ள ஈரப்பதம் சில வகை பி.யூ.வை வருடக்கணக்கில் மெதுவாகச் சிதைக்கும். 'கல்யாணத்துக்கு வாங்கினது, ரெண்டு தடவைதான் போட்டேன், பெட்டியிலேயே வெச்சிருந்தேன், எடுத்துப் போட்டதும் தூள் தூளாப் போச்சு' என்று பலரும் புலம்புவது இதைத்தான். இதில் பசை நிற்காது. பசை பிடித்துக்கொள்ளும் இடமே உதிர்ந்துகொண்டிருக்கும். அப்பர் நன்றாக இருந்தால், சோலை மொத்தமாக மாற்றித் தரச் சொல்லி ரிப்பேர் கடையில் கொடுக்கலாம்.

சோல் லேசாக, ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறதா? அது இ.வி.ஏ. வகையாக இருக்கலாம். இதையும், டி.பி.ஆர். வகை சோல்களையும் ஒட்டுவதற்கு முன்பு கம்பெனிகளில் தனியாக ஒரு ப்ரைமர் பூசுவார்கள். அது இல்லாமல் வீட்டில் ஒட்டினால் சீக்கிரம் விட்டுவிடும். ஒட்டுவதோடு சுற்றிலும் தையலும் போட்டால்தான் தாங்கும். அதைக் காலணி தைப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

சோல் ஓரத்தில் தையல் தெரிகிறதா? அது நிஜத் தையலா, அலங்காரத் தையலா என்று பாருங்கள். உள் மெத்தையை எடுத்துவிட்டுப் பார்த்தால் சில ஷூக்களில் தையல் உள்வரை வந்திருக்கும். அந்தத் தையல் அறுந்திருந்தால் பசை மட்டும் போதாது.

அப்பரில் இரண்டு தோல் சேரும் இடத்தில் நூல் பிரிந்திருந்தால் வீட்டிலேயே தைக்கலாம். மெழுகு பூசிய நைலான் நூல், கொஞ்சம் கனமான ஊசி போதும். இங்கே அம்மாவின் அனுபவம் கைகொடுக்கிறது: "பழைய ஓட்டை இருக்கு பாரு, அது வழியாவே போகணும். பக்கத்துல புதுசா குத்தினா, தபால் தலை மாதிரி அந்த வரிசையிலேயே கிழிஞ்சிடும்." துணியில் போட்ட தையல் பிரித்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் குத்திய ஓட்டை மூடாது. அதனால்தான் தோல் தைப்பவர்கள் ஒரு குத்துக்கூடத் தப்பாகக் குத்தக் கூடாது என்பார்கள்.

பஸ் ஸ்டாண்ட் பெரியவர் சொன்ன பாடம்

சனிக்கிழமை மத்தியானம் அம்மா பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கும் பெரியவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, சோல் விட்டுப்போச்சு. நானே ஒட்டிக்கலாமா?"

"தாராளமா ஒட்டலாம்மா. ஆனா காஞ்சிருக்கணும். ஈரத்துல ஒட்டினா என் கைக்கே நிக்காது."

"சூப்பர் க்ளூ வாங்கி வெச்சிருக்கான் பையன்."

"அது கண்ணாடிக்கும் பொம்மைக்கும் சரிம்மா. ஷூ ஒரு நாளைக்கு எத்தனை தடவ மடங்குது? அது காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். மடங்கினா உடையும்."

உண்மைதான். உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ வகைப் பசைகள் காய்ந்ததும் விறைத்துவிடும். வளைந்து நிமிரும் இடத்துக்கு அவை ஆகாது. மரவேலைக்கான வெள்ளைப் பசையும் வேண்டாம். தண்ணீர் பட்டால் இளகிவிடும்.

வேண்டியது, காய்ந்த பிறகும் ரப்பர்போல் வளையும் பசை. ஹார்டுவேர் கடைகளில் லெதர், ரப்பர், ரெக்ஸின் ஒட்டுவதற்கென்று கிடைக்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், தேன்போல இழுபடும். பலரும் இதை 'சொல்யூஷன்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். சின்ன டப்பா ஒன்று போதும். கூடவே, கரகரப்பான உப்புத்தாள் ஒன்று, பழைய பிரஷ் ஒன்று, பஞ்சரான சைக்கிள் டியூப் ஒன்று. அவ்வளவுதான் சாமான்.

செருப்பைக் கையால் தொடுவதே கேவலம் என்று நினைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுதாகப் போகவில்லை. தோலைப் பதனிட்டவர்களையும் செருப்புத் தைத்தவர்களையும் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்திய நாடு இது. அந்த ஒதுக்கலுக்கு நடுவிலும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்ட அறிவுதான், பெரியவர் ரெண்டு நிமிடத்தில் சொன்ன பாடம். சொந்த ஷூவை மடியில் வைத்து ஒரு முறை ஒட்டிப் பார்த்தால், அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது புரிந்துவிடும். அடுத்த முறை அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசத் தோன்றாது.

ஞாயிறு காலை: ஒட்டும் வேலை

ஷூவுக்குள் கையை விட்டால் ஈரம் தெரியவில்லை. திணித்த தாளும் உலர்ந்தே வெளியே வருகிறது. இனி வேலையில் இறங்கலாம்.

முதலில் இடம். சமையலறை வேண்டவே வேண்டாம். இந்தப் பசைகளில் உள்ள கரைப்பான் சட்டென்று தீப்பிடிக்கும். மொட்டை மாடி, திண்ணை, ஜன்னல் திறந்த வராண்டா நல்லது. அடுப்பு, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பதும் ஆபத்து. பசையில் கரைப்பானாகப் பயன்பட்ட ஹெக்ஸேன் காரணமாக காலணித் தொழிலாளர்களுக்கு நரம்புப் பாதிப்பு வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஒரு ஜோடி ஷூ ஒட்டுவதில் அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் மூடிய அறையில் செய்யக் கூடாது. வேலை முடிந்ததும் டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

இனி வரிசையாக...

1. சுரண்டு: பிரிந்த இடத்தில் பழைய பசை பளபளவென்று படிந்திருக்கும். அதன் மேலேயே புதுப் பசை பூசுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அடியில் இருக்கும் பழைய பசை பெயர்ந்தால், மேலே இருக்கும் புதுப் பசையும் சேர்ந்தே வரும். உப்புத்தாளால் சோல் பக்கமும் அப்பர் பக்கமும் நன்றாகத் தேய்த்து, பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகும் வரை சுரண்டுங்கள். பசை பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்புதான் பிடிமானம். ஒட்டும் இடத்தைத் தாண்டி வெளிப்பக்கம் தேய்த்துவிடாதீர்கள், நிறம் போய்விடும்.

2. துடை: தூசியை பிரஷால் தட்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு சின்ன மண் துகள் இருந்தாலும் அந்த இடம் ஒட்டாது. பாலீஷ், எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக் கூடாது.

3. பூசு: இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகப் பூசினால் வேலைக்கு ஆகாது. பசை அதிகமானால் பிடிப்பு அதிகமாகும் என்று நினைப்பது தப்பு. கெட்டியாக இருந்தால் நடுவில் காயாமல் கொழகொழவென்றே இருக்கும். தோல் பக்கம் முதல் பூச்சை உறிஞ்சிவிடும். அது காய்ந்ததும் அங்கே மட்டும் இன்னொரு பூச்சு கொடுக்கலாம்.

4. காத்திரு: இதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். பூசியதும் ஒட்டக் கூடாது! 10 முதல் 15 நிமிடம் திறந்தபடியே விட வேண்டும். விரலால் லேசாகத் தொட்டால் பசை விரலில் வரக் கூடாது, ஆனால் ஒட்டும் உணர்வு மட்டும் இருக்க வேண்டும். கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான் இந்தப் பசைக்குப் பலம். டப்பாவில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

5. சேர்: ஒரே ஒரு வாய்ப்புதான். பசை பசையைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் விரல் முனைப் பக்கத்தைச் சரியாகப் பொருத்தி, அங்கிருந்து மெதுவாகக் குதிகால் பக்கம் நோக்கி அழுத்திக்கொண்டே வர வேண்டும். நடுவில் காற்று மாட்டக் கூடாது.

6. அழுத்து: பலமாக அழுத்த வேண்டும். ஷூவுக்குள் தாளை இறுக்கமாகத் திணித்துவிட்டு, சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, சோலையும் அப்பரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். கயிறு கட்டினால் தோலில் தடம் விழும். டியூப் என்றால் இழுத்துப் பிடிக்கும், தடமும் பதியாது.

7. விட்டுவிடு: 24 மணி நேரம் தொடக் கூடாது. போட்டுப் பார்க்கக் கூடாது. 'ஒட்டிடுச்சா' என்று ஓரத்தைப் பிரித்துப் பார்க்கவே கூடாது!

ஞாயிறு காலை 10 மணிக்குக் கட்டி வைத்தால், திங்கள் காலை 10 மணிக்குப் பிரிக்கலாம். மத்தியானம் வேலூர் இன்டர்வியூவுக்கு நேரம் சரியாக இருக்கிறது.

வெள்ளைக் கோடு, பூஞ்சை, கீறல்... என்ன செய்யலாம்?

நனைந்து காய்ந்த ஷூவில் அலை அலையாக வெள்ளைக் கோடு தெரியும். தண்ணீரிலும் தோலிலும் இருந்த உப்பு மேலே வந்து படிந்ததுதான் அது. ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுப் பிழிந்து லேசாகத் துடைத்தால் போய்விடும். உள்பக்கமாக எங்கேயாவது ஓர் ஓரத்தில் முதலில் துடைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பூஞ்சை பிடித்திருந்தால் வீட்டுக்கு வெளியே எடுத்துப் போய் பிரஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் மற்ற ஷூவுக்கும் பரவும். பிறகு அதே வினிகர் தண்ணீரால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. துணிப்பை அல்லது அட்டைப்பெட்டியே போதும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? அவசரத்துக்கு ஒரு சொட்டைத் துணியில் தேய்த்துப் பூசினால் மோசமில்லை. அடிக்கடி தடவினால் தோல் தொளதொளவென்று ஆகும், நிறம் கறுக்கும், தூசி ஒட்டும், நாளாக நாளாக எண்ணெய் சிக்கு வாடையும் வரும். காய்ந்த ஷூவுக்கு ஏற்றது ஷூ க்ரீம். இழந்த எண்ணெய்ப் பசையையும் நிறத்தையும் ஓரளவு திருப்பித் தரும். அதன் மேல் மெல்லியதாக மெழுகுப் பாலீஷ் போட்டால் பளபளப்பும் கிடைக்கும், மழைத்துளியும் சட்டென்று இறங்காது. முதலில் க்ரீம், பிறகு பாலீஷ் என்ற வரிசை மாறக் கூடாது. சின்னக் கீறல்கள் க்ரீமிலேயே மறைந்துவிடும்.

ஒரே ஷூவைத் தினமும் போடாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட முடிந்தால் ஆயுள் கூடும். காலில் ஊறும் வியர்வை தோலை விட்டு வெளியேற அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

ஒரு ஷூவுக்குள் எவ்வளவு பாலாறு?

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, புதுசு வாங்கிவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். வேலூர், ஆம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கான பதில் வீட்டுக் கிணற்றிலேயே கிடைக்கும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இந்த ஊர்கள் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என வெவ்வேறு மாவட்டங்களுக்குப் போய்விட்டன. ஆனால் இவற்றை இணைப்பவை அதே பாலாறும் அதே தோல் தொழிலும்தான். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு, வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். தென்னிந்தியாவின் அந்தத் தோல் 'இ.ஐ. லெதர்' என்ற பெயரில் வெளிநாடுகளில் புகழ்பெற்றது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. பிறகு வந்தது குரோமியம் உப்பு. வாரக்கணக்கான வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. பதனிட்ட தோல் இளநீலமாக வந்ததால் அதற்கு 'வெட் ப்ளூ' என்று பெயர்.

வேகம் கூடியதற்கு விலையும் இருந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கெடாமல் இருக்கத் தோலில் தடவிய உப்பு, முடி நீக்கப் போட்ட சுண்ணாம்பும் சல்ஃபைடும், பதனிடும் குரோமியம்... இவையெல்லாம் அந்தத் தண்ணீரோடு வெளியே போயின. நிலத்தடி நீர் உப்பானது. குடிக்கவும் பயிருக்குப் பாய்ச்சவும் முடியாத கிணறுகள் பெருகின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இன்று சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தியா முழுக்கப் படிக்கும் தீர்ப்பு அது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, விதிகள் இறுகின. ஆனாலும் கெட்ட நிலமும் நீரும் உடனே மீளவில்லை. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றியும் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீடு பற்றியும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

இதே தொழில்தான் இங்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரியக் காரணம். காலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களின் சம்பளத்தில்தான் பிள்ளைகளின் ஃபீஸ், வீட்டு வாடகை, தங்கச்சி கல்யாணம் எல்லாம். அதனால் ஷூ வேண்டாம், தொழில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிதல்ல, நியாயமும் அல்ல. ஆனால் இவ்வளவு தண்ணீரும் உழைப்பும் செலவழிந்து உருவான ஒரு பொருளை, ஓர் அங்குல சோல் பிரிந்ததற்காகத் தூக்கிப் போடுவதும் நியாயம் இல்லை. ஆறு விலையைக் கொடுத்துவிட்டது. கொடுத்த விலைக்கு அந்த ஷூ இன்னும் சில வருடம் உழைக்கட்டுமே!

திங்கள் காலை 10 மணி

டியூபைப் பிரிக்கிறான் மகன். உள்ளே இருந்த தாளை எடுக்கிறான். கையில் ஷூவை வைத்து முன்பக்கத்தை மெதுவாக வளைத்துப் பார்க்கிறான். ஓரத்தில் இடைவெளி தெரியவில்லை. குதிகால் பக்கம் துளி பசை வழிந்து காய்ந்திருக்கிறது. விரலால் உருட்டினால் ரப்பர்போல் சுருண்டு வந்துவிடுகிறது. க்ரீம் போட்டு, பாலீஷ் போட்டு, பழைய பனியன் துணியால் தேய்த்ததும் அப்பாவின் ஷூ பழையபடி மின்னுகிறது. கட்டைவிரல் பக்கத்தில் ஒரு சுருக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது அப்பா நடந்த நடையின் சுருக்கம். அதைப் போக்க வழியும் இல்லை, தேவையும் இல்லை.

அன்று அம்மாவுக்கு இரண்டாவது ஷிஃப்ட். கிளம்புவதற்கு முன் ஷூவை ஒரு முறை கையில் வாங்கி, கம்பெனியில் செக்கிங் செய்வதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"பாஸா மேடம்?" என்கிறான் மகன்.

"ஷூ பாஸு. நீ போயிட்டு வந்து சொல்லு."

வெளியே மேகம் கறுத்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் வேலூர் பஸ் வரும் நேரம். 

"டேய், தண்ணி தேங்கின எடத்துல கால வெக்காத. ஒட்டினதுதான், ஆனா இன்னும் புதுசு அது."